ஒரு சொட்டுகூடச் சிந்தாது!

(சோழிங்கநல்லூரில் ஒரு ஃபிளாட். உயர நாற்காலியில் ஒன்பது மாதப் பாப்பா. ஒரு பக்கம் மடிக்கணினியோடு மாப்பிள்ளை; மறுபக்கம் விருதுநகரிலிருந்து வெள்ளிச் சங்கோடு வந்திறங்கிய மாமியார்.)

மாமியார்: மேசை மேல அஞ்சு டப்பா இருக்கே மாப்பிள்ளை, ஊறுகாய் போடவா?

மாப்பிள்ளை: அதெல்லாம் பாப்பா தண்ணி குடிச்சுப் பழகுறதுக்கு அத்தை. இது மூக்கு வச்ச சிப்பர். இது ஸ்ட்ரா கப். இது 360 டிகிரி கப். எந்தப் பக்கம் வாய் வச்சாலும் தண்ணி வரும்.

மாமியார்: டம்ளர்லயும் அப்படித்தானே வரும்?

மாப்பிள்ளை: டம்ளர் கவிழ்ந்தா கொட்டிடும். இதுக்குள்ள வால்வு இருக்கு. தலைகீழாப் பிடிச்சாலும் ஒரு சொட்டு விழாது.

மாமியார்: பிள்ளை வாயிலயும் விழலையே! காலையிலேர்ந்து அது சப்புது, நீங்க கை தட்டுறீங்க, தண்ணி வச்ச அளவுலயே இருக்கு.

மாப்பிள்ளை: பலமா உறிஞ்சினாத்தான் வால்வு திறக்கும். சும்மா வந்த சாமான் இல்ல அத்தை இது. 1980கள்ல அமெரிக்காவுல ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர், தன் பையன் வீடு முழுக்கச் சிந்துறதைப் பார்த்து மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சது.

மாமியார்: அப்ப அது பையனுக்காகக் கண்டுபிடிச்சதில்ல, தரைக்காகக் கண்டுபிடிச்சது.

மாப்பிள்ளை: உங்க சங்கு மட்டும் என்னவாம்? நேத்து பாப்பாவை மல்லாக்கப் போட்டு, கன்னத்தை அமுக்கி ஊத்துனீங்க. புரையேறி முகமே செவந்துபோச்சு.

மாமியார்: உச்சந்தலையில தட்டுனேன்ல? யாரோ நினைச்சிருப்பாங்க.

மாப்பிள்ளை: ஒருத்தரும் நினைக்கல. தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போகப் பார்த்துச்சு.

மாமியார்: உங்க பொண்டாட்டியும் இதே சங்குல குடிச்சவதான். ஒரு சொட்டு வீணாகாது.

மாப்பிள்ளை: அதைத்தானே நானும் சொல்றேன், வால்வுலயும் ஒரு சொட்டு வீணாகாது!

மாமியார்: அட, அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சியா?

(இருவருக்கும் இது பிடிக்கவில்லை.)

மாமியார்: சரி, தடுப்பூசி போடப் போனப்ப டாக்டரம்மா என்னதான் சொன்னாங்க?

மாப்பிள்ளை: ஆறு மாசத்துலேர்ந்தே மூடியில்லாத சின்ன டம்ளரைப் பழக்கலாம்னாங்க. நிமிர்ந்து உட்கார வச்சு, ரெண்டு ஸ்பூன் தண்ணி மட்டும் விட்டு, விளிம்பைக் கீழுதட்டுல வைக்கணும். தண்ணி உதட்டைத் தொட்டதும் கையை நிறுத்திடணும். நாம ஊத்தக் கூடாது, அதுவா உறிஞ்சணும்.

மாமியார்: ஊத்தக் கூடாதுன்னு அவங்க சொன்னப்ப எனக்குக் காது சரியாக் கேக்கல.

மாப்பிள்ளை: மூக்கு வச்ச கப் பாட்டிலுக்குத் தம்பி மாதிரி, அதுலயும் நாக்கு பழையபடி சப்பிக்கிட்டேதான் இருக்கும்னாங்க. அப்பப் பார்த்து எனக்கு ஆபீஸ் கால் வந்துடுச்சு.

மாமியார்: பாட்டிலை எப்ப நிறுத்தச் சொன்னாங்க?

மாப்பிள்ளை: ஒரு வயசுலேர்ந்து ஒண்ணரை வயசுக்குள்ள. பால் பாட்டிலை வாயில வச்சுக்கிட்டே தூங்கினா மேல் முன்பல் சொத்தையாகும். பால் புட்டிக்கு விளம்பரமே செய்யக் கூடாதுன்னு 1992லயே சட்டம் வந்தாச்சு.

மாமியார்: அதான் புட்டி மூக்கு வச்சுக்கிட்டு வேற பேர்ல உங்க வீட்டுக்கு வந்திருக்கு.

மாப்பிள்ளை: சரி, டம்ளர்லயே கொடுக்கலாம். ஆனா ஒரு நாளைக்கு 120லேர்ந்து 240 மில்லி தண்ணி போதும்னு கணக்கு இருக்கு. நான் எக்செல்ல எழுதிட்டு வர்றேன். சிந்துனதை எந்தப் பத்தியில போடுறது?

மாமியார்: சட்டையைப் பிழிஞ்சு அளந்து போடுங்க. பிள்ளை இன்னும் தாய்ப்பால் குடிக்குது. டம்ளர் தண்ணி பாதி கொட்டினா வாடிப்போகாது. எனக்கு வேற கவலை. எங்க வீட்ல டம்ளரை எச்சில் பண்ண மாட்டோம், அண்ணாந்துதான் குடிப்போம்.

மாப்பிள்ளை: ஒன்பது மாசப் பிள்ளை அண்ணாந்து குடிக்கணுமா? இப்பத்தான் என் செருப்பை நக்கி முடிச்சுது அத்தை!

மாமியார்: அதுக்குத்தான் சங்கு நல்லதுன்னேன்.

மாப்பிள்ளை: அதுக்குத்தான் மூடி நல்லதுன்னேன்.

மாமியார்: மூடின்னதும் ஞாபகம் வருது. கார்ல காபி எடுத்துட்டுப் போறீங்களே, மூடி போட்டு, மூடியில மூக்கும் வச்சு. அது எதுக்கு?

மாப்பிள்ளை: சிந்தாம இருக்க...

மாமியார்: உங்களுக்கு எத்தனை மாசம் ஆகுது மாப்பிள்ளை?

(வேறு வழியின்றி ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் வருகிறது. பாப்பா இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறது. ஒரு மடக்கு உள்ளே போகிறது. மிச்சம் கழுத்து, சட்டை, மடிக்கணினி, தரை.)

மாப்பிள்ளை: குடிச்சிருச்சு! தானா குடிச்சிருச்சு அத்தை! ஐயோ, கீபோர்டு!

மாமியார்: பிள்ளை ஒரு மடக்கு குடிச்சுது, தரை மூணு மடக்கு குடிச்சுது. அந்தத் துணியை எடுத்துத் துடைங்க.

மாப்பிள்ளை: நானா?

மாமியார்: பின்னே? தரைக்காக அஞ்சு கப் வாங்குன மனுஷன் இந்த வீட்ல நீங்க ஒருத்தர்தானே!