ஒரே வாங்கு, ஒரே பேணி

யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களில் பல பள்ளிக்கூடங்களின் பெயர்ப்பலகையில் இன்றைக்கும் ‘றோ.க.த.க. பாடசாலை’ என்றே எழுதியிருக்கிறது. றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களோடு உதவி நன்கொடை பெற்ற பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குப் போயின; பெயர் மட்டும் தங்கிவிட்டது. அப்படியொரு பள்ளிக்கூடத்தில்தான் 1967இல் நான் மூன்றாம் வகுப்புப் படித்தேன். எங்களுக்குப் படிப்பித்தவர் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர்.

குடியுரிமைக் கல்வி என்று அப்போது எங்களுக்கு ஒரு பாடம் கிடையாது. வாங்கும் பேணியும்தான் இருந்தன.

இது இன்றைய பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமானால், ஊர் அன்று கிடந்த கிடையைச் சொல்ல வேண்டும். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் எங்கள் மூன்றாம் வகுப்பு. தேநீர்க் கடைகளில் சிலருக்கு வேறு பேணி, சில கடைகளில் வெறும் போத்தல். ஊர்க் கிணற்றில் தாங்களே அள்ள உரிமையில்லாதவர்கள், யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை வெயிலில் காத்து நின்றார்கள். பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் என்ற விதி 1929இலேயே வந்தது; அதைப் பொறுக்காமல் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தவர்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். சில ஊர்களில் தேவாலயத்துக்குள்ளேயே இன்னார் இன்ன பக்கம் என்ற வழக்கம் இருந்ததைக் கத்தோலிக்கராகிய நாங்கள் மறைக்கக் கூடாது.

பகல் இடைவேளையில் பணிசும் பாலும் தருவார்கள். மாப்பால் கரைத்த கிடாரத்துக்குப் பக்கத்தில் எனாமல் பேணிகள் கவிழ்த்தபடி இருக்கும். குடித்தவர் கழுவிக் கவிழ்க்க வேண்டும். அடுத்து வருபவர் கைக்கு அகப்பட்டதை எடுக்க வேண்டும். என் பேணி, உன் பேணி கிடையாது. கழுவிய ஈரம் காயும் முன்னரே அடுத்த பிள்ளையின் கைக்குப் போய்விடும். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு நாள் வீட்டிலிருந்து வெள்ளிப் பேணியொன்று கொண்டுவந்தான்.

“வீட்டுப் பேணி வீட்டில இருக்கட்டும், ராசா. இஞ்ச எல்லாருக்கும் ஒண்டுதான்” என்றார் சிஸ்டர்.

மறுநாள் அவனுடைய தாயார் வந்து சத்தம் போட்டார். சிஸ்டர் கதிரை போட்டு அவரை இருத்தி, சொன்னது முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். விதி மாறவில்லை. இரண்டு நாள் பால் குடிக்காமல் இருந்தவன் மூன்றாம் நாள் எங்களோடு வரிசையில் நின்றான்.

வாங்கும் அப்படித்தான். திங்கட்கிழமைதோறும் இடம் மாறும். யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைச் சிஸ்டர்தான் தீர்மானிப்பார். சமய பாடத்துக்கு மட்டும் சைவப் பிள்ளைகள் வேறு வகுப்புக்குப் போவார்கள். கூட்டுவது, தண்ணீர் அள்ளுவது, பூங்கன்றுக்கு ஊற்றுவது எல்லாம் முறை வைத்து நடந்தன.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பிரம்பு இருந்தது. கேள்வி கேட்டால் வாய்க்காரி என்ற பெயர் கிடைக்கும். பக்கத்து மாகாணத்துப் பிள்ளையோடு பேச ஒரு சிங்களச் சொல்லும் எங்களுக்குத் தெரியாது. என் பேத்தி இன்று கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையொன்றில் படிக்கிறாள். அடிக்கக் கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. வகுப்புத் தலைவியைத் துண்டுச் சீட்டில் வாக்குப் போட்டுத் தெரிவு செய்தார்கள்; தோற்ற பிள்ளை வென்ற பிள்ளைக்குக் கை கொடுத்ததாம். சிங்களத்தில் பெயர், ஊர் சொல்கிறாள். இவையெல்லாம் மெய்யான முன்னேற்றம்.

ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை (‘ஸ்கொலசிப்’) வந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது.

“அம்மம்மா, ஸ்கொலசிப் வகுப்புக்குக் கூட்டுற முறை இல்லை. நேரம் போயிடுமாம்” என்றாள். கூட்டுவதற்குப் பெற்றோரிடம் காசு சேர்த்து ஆள் வைத்திருக்கிறார்கள். சுவரில் ‘இம்மாத விழுமியம்: பகிர்தல்’ என்று அழகாக எழுதியிருக்கிறது; ரியூசனில் கிடைத்த மாதிரி வினாத்தாளைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்ட வேண்டாமென்று வீட்டில் சொல்லி அனுப்புகிறோம். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியோடு, கெட்டிக்கார ஏழைப் பிள்ளை பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்க வழி திறந்த பரீட்சை இது. அதுவே இன்று பத்து வயதுப் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் போட்டியாளராக்கி விட்டது. குற்றம் ஆசிரியர்களுடையது மட்டுமன்று. வெட்டுப்புள்ளியை வைத்துப் பள்ளிக்கூடத்தை அளக்கும் பெற்றோர் நாங்கள்தான்.

வாங்கையும் பேணியையும் வைத்து ஊரின் வழக்கத்தையே எதிர்த்து நின்ற கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்கள் இவை. அவற்றை நடத்தும் அதிபர்களையும் கன்னியரையும், பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த தவணையிலிருந்து ஸ்கொலசிப் வகுப்பின் பெயரையும் கூட்டும் முறைப்பட்டியலில் சேருங்கள். இருக்கையைக் கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதற்குப் புதிய பாடநூலும் தேவையில்லை, ஒரு சதமும் செலவில்லை.