வெறும் வயிற்றில், கிழக்குப் பார்த்து

எங்கள் தெருவில் யாரும் சத்தமாகத் தும்முவதில்லை. நாகரிகம் முற்றிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணாச்சி காதில் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். விழுந்துவிட்டால், இரண்டாவது தும்மலுக்குள் மனிதர் வாசலில் நிற்பார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, "சளிதான? நேத்து ராத்திரி என்ன தின்னீய?" என்பார். பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். மருந்து ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் மாமாவாக இருப்பார், வேறோர் ஊரில் பெரியப்பாவாக இருப்பார். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் அண்ணாச்சி. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். திடகாத்திரமாக இருப்பார், தான் சொல்லும் மருந்து எதையும் தான் சாப்பிடாதது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பெண்களிலும் இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் சொல்வதோடு நிற்க மாட்டார்கள். தாங்களே இடித்து, வடிகட்டி, டம்ளரோடு வந்து, குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். அண்ணாச்சி இனத்துக்கு அந்தச் சிரமம் கிடையாது. வாய் அவருடையது, உரல் நம்முடையது.

நோயைக் கண்டுபிடிப்பதில் அவருக்குத் தயக்கமே வராது. கழுத்துக்கு மேலே என்ன வந்தாலும் சூடு. கழுத்துக்குக் கீழே என்ன வந்தாலும் வாயு. இரண்டும் சேர்ந்து வந்தால் பித்தம். முழங்கால் வலிக்கிறது என்று சொன்னாலும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்கே பாதி நோய் பயந்துவிடும்.

ஆனால் அண்ணாச்சியின் திறமை மருந்தில் இல்லை. மருந்து நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சுக்கு, மிளகு, திப்பிலி, மஞ்சள், கருப்பட்டி, தேன். அவருடைய திறமை நிபந்தனைகளில் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து ஆயுள் முழுக்கப் பத்திரம் எழுதியவர் அவர். நாலு எல்லை, நடைபாதை, கிணற்றுப் பாத்தியதை, மாவடை மரவடை என்று ஒன்று விடாமல் எழுதினால்தானே பத்திரம் நிற்கும்? வைத்தியத்தையும் அவர் அப்படித்தான் எழுதினார். இருமலுக்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"சுக்கு, மிளகு, திப்பிலி மூணும் சம எடை. சுக்கத் தோல் சீவணும், சீவாத சுக்கு வெசம். மூணையும் தனித்தனியா வறுக்கணும். செவ்வாக்கெழம இடிக்கப்படாது. தேன்ல கொழச்சு, வெறும் வயித்துல, கெழக்கப் பாத்து நின்னு நாக்கால நக்கணும். கரண்டி படப்படாது. நக்கி முடிக்கிற வர யார்கிட்டயும் பேசப்படாது. ஒரு மண்டலம். அதுவரைக்கும் தயிர், கத்திரிக்கா, கருவாடு கெடையாது."

மண்டலம் என்றால் 48 நாள். சாதாரணச் சளி ஒரு வாரம் பத்து நாளில் தானே போய்விடும். அதன் வால் போலத் தொடரும் இருமல்கூடப் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே அண்ணாச்சியின் மருந்து தோற்க வேண்டுமென்றால் மிகவும் பாடுபட வேண்டும். அப்படியும் ஒருவருக்கு இருமல் நிற்கவில்லை. அவரிடம் நடந்த விசாரணை இது:

"கல்யாண வீட்டுக்குப் போனீயளா?"

"போனேன்."

"அவியல் வச்சாங்களா?"

"வச்சாங்க."

"அதுல கத்திரிக்கா கெடந்துச்சா?"

"ஒரே ஒரு துண்டு அண்ணாச்சி…"

அண்ணாச்சி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வில்லங்கம் அவியலில் இருந்தது. மருந்தின் பேரில் யாரும் குறை சொல்ல முடியாமல் போயிற்று. (மூன்று வாரத்துக்கு மேல் போன அந்த இருமல், சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்து, அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில் ஆறு மாதத்தில் குணமானது. அதையும் கத்திரிக்காய்க் கணக்கிலேயே அண்ணாச்சி எழுதிக்கொண்டார்.)

நம் உடம்புக்கு வரும் சில்லறைத் தொந்தரவுகளில் பெரும்பாலானவை தானாக வந்து தானாகப் போகிறவை. யார் கடைசியாக மருந்து சொன்னாரோ அவர் பேருக்குப் புகழ். மெட்ராஸ் ஐ வந்தால் வைரஸ் இருந்துவிட்டு ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். நந்தியாவட்டைப் பூவை ஒற்றியவருக்குப் பெயர் கிடைக்கும். வலிப்பு இதைவிட விசேஷம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே அடங்கும். கூட்டத்தில் "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று கத்தி, யாரோ இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து, அதை வலிப்பு வந்தவரின் விரல்களுக்குள் திணிக்கவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். சாவி உள்ளே போகும், வலிப்பு நிற்கும். பேருந்து நிலையமே அண்ணாச்சியைக் கையெடுத்துக் கும்பிடும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியதோ வேறு: அடிபடாமல் பார்த்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் கடிகாரத்தைப் பார்ப்பது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108க்கு அழைப்பது. இதில் கும்பிட வைக்கும் காட்சி ஒன்றுமே இல்லை.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது அண்ணாச்சி விஷயத்தில் வேதவாக்கு. அது வெறும் கதையும் அல்ல. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. கெட்ட தண்ணீரில் வரும் காமாலை ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் சில வாரத்தில் வடிந்துவிடும். ஆனால் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும், பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் மஞ்சளாகும். அந்தக் கல்லுக்குக் கீழாநெல்லியும் தெரியாது, உப்பில்லாப் பத்தியமும் தெரியாது.

சிரித்துவிட்டுப் போக முடியாத இடங்கள் சில உண்டு. மூக்கில் ரத்தம் வந்த பையனை அண்ணாந்து படுக்க வைப்பார் அண்ணாச்சி. ரத்தம் தொண்டை வழியாக வயிற்றுக்குள் போய் அவன் வாந்தி எடுப்பான். தலையை முன்னால் குனிய வைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்திருந்தால் போதும். எண்ணெய் தெறித்த கைக்கு இட்லி மாவு, பற்பசை, ஒரு காலத்தில் பேனா மை. குழாயைத் திறந்து இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கையைக் காட்டுவதைப் போல நல்ல முதலுதவி வேறில்லை. ஆனால் தண்ணீரை யார் மருந்தாக மதிக்கிறார்கள்?

எல்லாவற்றையும்விட மோசம் சர்க்கரை. "வெந்தயத்த ஊறப்போட்டுத் தின்னா மாத்திர எதுக்கு?" என்று கேட்டார் ஒருநாள். முக்குத் திரும்பினால் இருக்கும் இட்லிக் கடை அம்மாள் அதை நம்பி மாத்திரையை நிறுத்தினார். காலில் செருப்பு கடித்த புண். உணர்ச்சி மரத்த கால் என்பதால் வலிக்கவில்லை. வலிக்காததால் அவர் கவனிக்கவில்லை. புண் ஆறாமல் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். அந்த நாட்களில் அண்ணாச்சி இட்லிக் கடை இருக்கும் பக்கமே போகவில்லை, சுற்றுப் பாதையில் நடந்தார். அவரைத் தெருவில் யாரும் திட்டவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

திட்டுவதற்கென்றே ஒருவர் வந்தார். எங்கள் பகுதிச் சுகாதார செவிலியர். ஊரே சிஸ்டர் என்று கூப்பிடும். 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாசல் வாசலாகப் போய் வைத்தியம் சொல்லும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று இருந்த அண்ணாச்சிக்கு இது நேரடிப் போட்டி. சிஸ்டர் அவரை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துப் பேசினார். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் மறுநாளும் தெரு அவரிடம்தான் போயிற்று.

அந்த ஐப்பசி மழையில் குடிதண்ணீரில் சாக்கடை கலந்து, வீட்டுக்கு வீடு வயிற்றோட்டம். சிஸ்டர் ஓஆர்எஸ் பாக்கெட்டுகளைக் கொடுத்து, "ஒரு லிட்டர் தண்ணியில கலந்து கொஞ்சம் கொஞ்சமா குடிங்க" என்றார். தெரு அந்தப் பாக்கெட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "ஊசி கெடையாதா?" என்று கேட்டது. வெறும் சீனியும் உப்பும் கலந்த தண்ணீர் ஒரு மருந்தா? 1971இல் வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் வாந்திபேதி பரவி, நரம்பில் ஏற்றச் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலநபிஸ் என்ற மருத்துவர் இந்தத் தண்ணீரைத்தான் டிரம்களில் கலக்கி, குடும்பத்தாரையே மொண்டு ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த முகாமில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. குடல் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ள குளுக்கோஸ் கைகொடுக்கிறது என்ற சின்ன விஷயம்தான் இதன் அடிப்படை. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உலகத்தில் இவ்வளவு உயிரைக் காப்பாற்றிய சமையல் குறிப்பு வேறு இருக்காது. எங்கள் தெருவுக்கு அது போதவில்லை. பத்தியம் இல்லை, நாள் கணக்கு இல்லை, கசப்புகூட இல்லை.

சிஸ்டர் கெட்டிக்காரர். ராத்திரி அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். என்ன பேசினாரோ, காலையில் அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"கேட்டுக்கிடுங்க. கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி, ஒரு லிட்டர். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. பாக்கெட்டப் பாதி பாதியாப் பிரிச்சுப் போடப்படாது. கலந்த பெறவு அடுப்புல ஏத்தப்படாது. ஒரு ராத்திரி ஒரு பகல் தாண்டிட்டா தென்னைக்கு ஊத்திரணும், ஆசப்பட்டு வச்சுக்கிடப்படாது. சின்னப் புள்ளைக்கு ஸ்பூன்லதான். வாந்தி எடுத்தா பத்து நிமிசம் பொறுத்துட்டுத் திருப்பியும் குடுக்கணும்."

ஒவ்வொன்றும் சரி. செவ்வாய்க்கிழமையைத் தவிர. செவ்வாய்க்கிழமை கலக்கப்படாது என்பதை மட்டும் இடையில் எங்கோ செருகிவிட்டார். நல்லவேளையாக அன்று வியாழன். தெரு அலமாரியைத் திறந்தது. குழந்தைகளுக்கு ஜிங்க் மாத்திரை, வயிற்றோட்டம் நின்றாலும் நிறுத்தாமல் 14 நாள் என்று சிஸ்டர் சொன்னபோது அண்ணாச்சி முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நின்னாலும் நிறுத்தப்படாதா?" என்று இரண்டு தரம் கேட்டார். ஆங்கில வைத்தியத்திலும் சாரமுள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு தெருநாய் ஒரு பையனின் கெண்டைக்காலைக் கடித்தது. மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் தேடி ஓடிய பாட்டியை அண்ணாச்சியே மறித்தார். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம்; வாயை மூடிக்கொண்டு கழுவ வேண்டும் என்பது அவருடைய சேர்க்கை. பிறகு அரசு ஆரம்ப சுகாதார நிலையம். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தவர் அசந்துபோனார். 0, 3, 7, 28. "பூச்சியம்னு ஒரு நாளா!" ஆயுள் முழுக்கக் கணக்கு வைத்தவருக்குக்கூட அப்படியொரு நாள் தோன்றியதில்லை. அந்த 28ஆம் நாள் வரை பையனைவிட அண்ணாச்சிதான் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார்.

சர்க்கரை மாத்திரை மட்டும் பாக்கி இருந்தது. இட்லிக் கடை விவகாரத்துக்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. போன மாதம் சிஸ்டர் மாத்திரைப் பையோடு வந்தபோது அவரே கூப்பிட்டு நிறுத்தினார்.

"தாயி, இந்தச் சுகர் மாத்திர எத்தன மண்டலம்?"

"மண்டலக் கணக்கெல்லாம் கெடையாது அண்ணாச்சி. டாக்டர் நிறுத்தச் சொன்னாத்தான் நிறுத்தணும். அனேகமா ஆயுசு பூரா."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. இவ்வளவு நீளமான பத்தியத்தை அவர் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

"வெறும் வயித்துலயா?"

"சிலது சாப்பாட்டுக்கு முன்னால, சிலது சாப்பாட்டுக்குப் பெறவு. சீட்டுல எழுதியிருக்கும். மாத்திப் போட்டுரப்படாது."

"மாத்திப் போட்டுரப்படாது," என்று ஒப்பித்துக்கொண்டார். "அனுபானம்?"

"தண்ணிதான்."

"என்ன தண்ணி?"

சிஸ்டர் வெயிலில் நின்றபடி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கொதிச்சு ஆறுன தண்ணி. கெழக்கப் பாத்து."