பதவி போன சித்தப்பாவுக்கு, தேர்தல் இல்லாத ஊரிலிருந்து

சுங்கை சிப்புட், பேராக்
டிசம்பர் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஜனவரி 5-ஆம் தேதியோடு உங்கள் வார்டு உறுப்பினர் பதவி முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போய்விட்டதாம். அன்றிலிருந்து நீங்கள் டீக்கடைக்குக்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகிறீர்களாம். சித்தி போனில் சொன்னார்கள். மனசை விடாதீர்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிற இந்த நாட்டில் 1965-லிருந்து உள்ளாட்சித் தேர்தலே கிடையாது. இந்தோனேசியாவோடு அப்போது மோதல். அதைக் காரணம் சொல்லி முதலில் நிறுத்தி வைத்தார்கள். 1976-இல் ஒரு சட்டம் போட்டு ஒரேயடியாக எடுத்தே விட்டார்கள். இப்போது நகராண்மைக் கழக உறுப்பினர் எல்லாம் நியமனம்தான். ஓட்டுக் கேட்டு ஒருத்தரும் வாசலுக்கு வருவதில்லை. மூக்குத்தி, வேட்டி, இரவோடு இரவாகக் கவர், எதுவும் இல்லை. பாவப்பட்ட சனங்கள்.

தேர்தல் இருந்த காலத்தில் இந்த மாநிலத் தலைநகர் ஈப்போவின் நகர மன்றத்தை நம் ஆட்கள் ஒரு கலக்குக் கலக்கியிருக்கிறார்கள். சீனிவாசகம் சகோதரர்கள் என்று இரண்டு வக்கீல்கள், இலங்கைத் தமிழ் வம்சம். அவர்கள் கட்சியின் பிடியில்தான் அப்போது ஈப்போ இருந்தது. தம்பி டி.ஆர். சீனிவாசகம் பெயரில் ஊருக்கு நடுவே ஒரு பூங்கா இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் மாமனார் காரை மெதுவாக்கிப் பெருமூச்சு விடுவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான்.

பிறகு ஊரை யார்தான் நடத்துகிறார்கள் என்று கேட்பீர்கள். கோயில் நிர்வாகம்.

நாங்கள் இருக்கும் இடம் முன்பு பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர். துரை, கணக்குப் பார்க்கும் கிராணி, வேலை வாங்கும் மண்டோர் என்று வேலிக்குள்ளேயே ஓர் அரசாங்கம். லயத்து வீடு, தண்ணீர், சாலை, ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். தனியார் நிலம் என்பதால் வெளியே இருந்த எந்தக் கழகமும் கேட்டைத் தாண்டி எட்டிப் பார்த்ததில்லை. அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் வேலை குறைந்தது. துரை போனார், கிராணி போனார். இருந்தவர்கள் பக்கத்திலேயே துண்டு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது மாரியம்மன் ஒருத்திதான். ஆக, தெருவிளக்கு எரியாவிட்டாலும், சாவு விழுந்தாலும், டிங்கிக் காய்ச்சலுக்குப் புகையடிக்க ஆள் வராவிட்டாலும், எல்லாம் அம்மன் கோயில் நிர்வாகத்தின் தலையில்தான் விடியும்.

அரசாங்கக் கணக்கில் கிராமத்துக்கென்று தனிக் குழு இல்லாமல் இல்லை. முன்பு அதற்கு ஜே.கே.கே.கே. என்று பெயர். 2018-இல் ஆட்சி மாறியதும் எம்.பி.கே.கே. ஆனது. அந்த ஆட்சி 2020-இல் கவிழ, கொஞ்ச நாளில் ஜே.பி.கே.கே. ஆனது. ஒவ்வொரு தடவையும் புது முத்திரை, புதுப் பலகை, புது டி-சட்டை. உள்ளே உட்கார்ந்திருப்பது அதே நாலு பேர். கிராமத் தலைவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர், கெத்துவா என்று கூப்பிடுவோம். நம் பக்கத்துப் பிரதிநிதி என் மாமனார். கோயிலுக்குச் செயலாளரும் அவரே. இரண்டுக்கும் மலாயில் கூட்டக் குறிப்பு எழுதுவது யார் தெரியுமா? துறையூரில் தமிழ் மீடியம் படித்த உங்கள் அண்ணன் மகள். கலியாணத்துக்கு முன்னால் எனக்கு டைப்பிங் தெரியும் என்று நீங்கள்தானே பெருமை அடித்தீர்கள்? அனுபவிக்கிறேன்.

வருஷம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். பொங்கலுக்குக் கோயில் முன்னால் வரிசையாகப் பானை. பிப்ரவரி 11 தைப்பூசம், ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பஸ் பிடித்துப் போனோம், இங்கேயும் அதற்கு அரசாங்க விடுமுறை உண்டு. அது முடிந்த கையோடு பள்ளிக்கூடம் திறந்தார்கள். எங்கள் தமிழ்ப்பள்ளி 150 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளின் பட்டியலில் இருக்கிறது. அதனால் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை பிடிப்பதும் நிர்வாகத்தின் வேலைதான். யார் வீட்டில் ஆறு வயது முடிகிறது என்று சத்துணவு ஆயா மாதிரி மாமியார் கணக்கு வைத்திருக்கிறார். கலியாணமாகி ஒரு வருஷம் ஆன பெண்களைக்கூட ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

மார்ச்சில்தான் ஆண்டுப் பொதுக்கூட்டம். சித்தப்பா, நீங்கள் நடத்திய கிராமசபைகளை எல்லாம் நினைத்துக்கொண்டேன். உங்களுக்குக் குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, அப்புறம் தண்ணீர் தினம், உள்ளாட்சி தினம் என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். எங்களுக்கு ஒன்றே ஒன்று. ஆறு கூட்டத்துக்குமான சண்டையை அந்த ஒன்றிலேயே போட்டு முடிக்க வேண்டும்.

பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்தரைக்கு வந்தவர்கள் நிர்வாகத்தினரும் அவர்களுடைய மனைவிமாரும்தான். விதிப்படி ஆள் சேரவில்லை. தலைவர் ஒரு வேலை செய்தார். சமையல்கட்டில் பரோட்டாவுக்கு மாவு அடிக்கச் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியில் பழைய பக்திப் பாட்டைப் போட்டார். வாசனையும் பாட்டும் சேர்ந்து போனதில் கால் மணி நேரத்தில் மண்டபம் நிறைந்துவிட்டது. போன வருஷத்துக் குறிப்பை வாசித்தோம், ஏற்றுக்கொண்டார்கள், ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்து கணக்கு. மண்டபக் கூரை மாற்றியதுதான் வருஷத்தின் பெரிய செலவு. அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. திருவிழாவுக்குத் தேங்காய் வாங்கியதில் 38 ரிங்கிட் கூடுதலாக இருந்தது. பிடித்துக்கொண்டார்கள்.

"காய் எத்தனைன்னு எழுதியிருக்கா?"

"மூட்டைக் கணக்குப்பா."

"மூட்டைக்கு எத்தனை காய்?"

"எண்ணிப் பார்த்தா வாங்குவாங்க?"

"எண்ணாம வாங்குனதுக்கு அம்மன் காசா கிடைச்சிச்சு?"

பொருளாளர் எழுந்து, தான் ராஜினாமா செய்வதாகச் சொன்னார். வருஷா வருஷம் இந்த இடத்தில் அவர் ராஜினாமா செய்வார். உடனே தேங்காய்க் கேள்வி கேட்டவரையே பொருளாளராக முன்மொழிந்தார்கள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தேங்காய் விஷயம் அத்துடன் தீர்ந்தது. தலைவரையும் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தோம். போட்டி இல்லை என்பதைவிட, மற்றவர்கள் எல்லாம் பரோட்டாவுக்குப் போயிருந்தார்கள் என்பது சரி. கூட்டம் முடிந்து 60 நாளைக்குள் கணக்கும் குறிப்பும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும், சட்டம். தேங்காய்ச் சண்டையை மலாயில் எப்படி எழுதுவது என்று யோசித்துப் பார்த்து, 'நல்லிணக்கத்துடன் விவாதிக்கப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

திருவிழாவில் தீமிதி நன்றாக நடந்தது. ஒரு ஒய்பி வந்தார். சட்டமன்ற உறுப்பினரை, நாடாளுமன்ற உறுப்பினரை எல்லாம் இங்கே ஒய்பி என்றுதான் சொல்வோம். எந்த ஒய்பி என்று கேட்காதீர்கள், அடுத்த வருஷமும் அழைப்பிதழ் கொடுக்க வேண்டும். அவர் மாதிரிக் காசோலை ஒன்று கொடுத்தார். உங்கள் ஊரில் இந்த அதிசயம் வந்துவிட்டதா தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு அட்டையில் காசோலை அச்சடித்து, நாலு பேர் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். அட்டை அன்றைக்கே கைக்கு வந்துவிடும், பணம் சாவகாசமாக வரும். எங்கள் கோயிலில் மூன்று ஒய்பிகளின் அட்டைகள் சேர்ந்துவிட்டன. கனமான அட்டை, வீணாக்க மனசில்லை. அன்னதான அடுப்புக்குக் காற்று மறைப்பாக வைத்திருக்கிறோம். கட்சி வேறு வேறானாலும் மூன்றும் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன.

ஒய்பிகளைச் சொல்லும்போது ஒன்று. வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்துப் பஞ்சாயத்துப் பேசுவதற்கு நம்மை விட்டால் ஆள் இல்லை என்பீர்களே, இந்த மாநிலத்தின் சட்டமன்றமே ஒரு மரத்தடியில் கூடியிருக்கிறது. 2009, மார்ச் 3. முந்தின வருஷத் தேர்தலில் 59 இடத்தில் 31 பிடித்து மக்கள் கூட்டணி ஆட்சிக்கு வந்திருந்தது. பிப்ரவரியில் மூன்று பேர் கட்சியை விட்டுப் போக, மந்திரி புசாரே, அதாவது முதலமைச்சரே, மாறிவிட்டார். சபாநாயகர் நம் தமிழர், வி. சிவகுமார். அவர் அவையைக் கூட்டினார். செயலகக் கட்டடத்துக்குள் போக விடவில்லை. அதற்கென்ன என்று பக்கத்தில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியிலேயே அவை நடந்தது, தீர்மானமும் போட்டார்கள். கோர்ட்டு கடைசியில் வேறு மாதிரிச் சொல்லிவிட்டது, அது வேறு கதை. ஈப்போக்காரர்கள் அதை இப்போதும் ஜனநாயக மரம் என்றுதான் சொல்கிறார்கள். வந்தால் காட்டுகிறேன். தூங்குமூஞ்சி மரத்துக்கு அப்படி ஒரு பெயர் வைக்கும் துணிச்சல் நம்மூரில் யாருக்கும் வராது.

மற்றபடி இந்த வருஷம் முழுக்க எங்களைத் தின்றது லோங்காங்தான். லோங்காங் என்றால் சாக்கடை, சாலையோரக் கால்வாய். செம்பனைக் காட்டிலிருந்து வரும் தண்ணீர் பள்ளிக்கூடத்துப் பின்பக்கமாக வந்து கோயிலைச் சுற்றி ஆற்றுக்குப் போக வேண்டும். அடைத்துக்கொண்டது. ஒரு மழைக்கு நவக்கிரகம் ஒன்பதும் முழங்கால் தண்ணீரில் நின்றன. சனீஸ்வரனையே இந்தப் பாடு படுத்தினால் நாம் எம்மாத்திரம் என்றார் பூசாரி.

மாமனார் கடிதம் எழுதச் சொன்னார். ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். அது தோட்டத்து நிலத்தில் தொடங்குகிறது, நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். நிறுவனம், அந்த நிலத்தை எப்போதோ விற்றாகிவிட்டது என்றது. இன்னோர் அலுவலகம், நாங்கள் ஆறு மட்டும்தான் பார்ப்போம், ஆறாக மாறியதும் சொல்லுங்கள் என்கிற தோரணையில் பதில் போட்டது. மூன்றாவது அலுவலகம் பெரிய சாலையோரக் கால்வாய் மட்டும்தான் தங்களுடையது என்றது. எல்லாக் கடிதத்துக்கும் மரியாதையான பதில், எல்லாப் பதிலிலும் முத்திரை. அந்த அலுவலகங்களின் பெயரை எழுதமாட்டேன், நாளைக்கு நான்தான் அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். இதற்கு இடையில் முப்பது அடிக் கால்வாய்க்குச் சொந்தக்காரர் கிடைக்கவே இல்லை. அந்த அளவு நிலத்துக்கு நம்மூரில் மூன்று தலைமுறை வெட்டிக்கொண்டு செத்திருக்கும்.

ஆகஸ்ட்டில் கெத்துவா ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, வாயிலே சுருட்டோடு லோங்காங்கை ஒரு பார்வை பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். ஊர் கூடிச் செய்யும் வேலைக்கு அப்படிப் பெயர். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவருடைய மகன்கள், நம் பையன்கள், சங்குலும் பாராங்குமாக இறங்கிவிட்டார்கள். சங்குல் நம் மண்வெட்டிதான், காம்பு கொஞ்சம் நீளம். பாராங் வெட்டுக்கத்தி. சந்தைப் பக்கத்துச் சீன முதலாளி, தவுக்கே என்போம், ஒருவர் தன் மண்வாரி வண்டியை டீசலும் போட்டே அனுப்பி வைத்தார். வருஷா வருஷம் நம் அம்மனுக்கு ஆரஞ்சுப் பழம் படைக்கிறவர் அவர், அவருக்கும் அம்மனுக்கும் ஏதோ கணக்கு.

உள்ளேயிருந்து வந்ததைப் பார்க்க வேண்டுமே. செம்பனை மட்டை, ஒரு குழந்தை சைக்கிள், எந்தக் காலத்துப் பூசைக்கோ வைத்த பித்தளைச் சொம்பு. சேற்றுக்கடியில் குவியலாகப் பால் மங்கு. பால்மரத்தில் வடிகிற பாலைப் பிடிக்கக் கட்டும் கிண்ணத்துக்கு மங்கு என்று பெயர். மாமியார் ஒன்றை எடுத்து லோங்காங் தண்ணீரிலேயே அலம்பி, உள்பக்கம் ஒட்டியிருந்த காய்ந்த பாலை நகத்தால் உரித்தார். ஜவ்வாக வந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவாராம். வெயில் ஏறுவதற்குள் வெட்ட வேண்டும், ஏறினால் பால் நின்றுவிடும். மழை பெய்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. "மங்கு உடைஞ்சா கிராணி சம்பளத்துல புடிப்பான். இங்க பாரு எத்தனை கெடக்கு, இவன் கணக்கு எந்த மாதிரிக் கணக்கோ" என்றார். நல்லதாகப் பார்த்து ஆறு மங்கு வீட்டுக்கு எடுத்து வந்து துளசி வைத்திருக்கிறார்.

மத்தியானம் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. திங்கட்கிழமை ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று. மாமனார் அதைக் கோப்பில் வைத்து, ஆண்டறிக்கையில் 'கால்வாய்ப் பிரச்சினைக்குத் தீர்வு காணப்பட்டது' என்று எழுதச் சொன்னார். யாரால் என்று போடட்டுமா என்றேன். "வேணாம். எல்லாருக்கும் நன்றின்னு போடு" என்றார். தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு எல்லா அலுவலகத்துக்காரர்களும் வந்தார்கள். ஓடுகிற லோங்காங்கைப் பார்த்துத் தலையாட்டினார்கள், எல்லோருக்கும் திருப்தி.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு இதெல்லாம் ரத்தத்தில் ஊறியது. துன் சம்பந்தன் இந்த ஊர் மனிதர், நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, தொழிலாளிகளிடம் மாதம் 10 வெள்ளி வாங்கித் தோட்டத்தையே விலைக்கு வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். மாமனாரின் அப்பா அதில் பங்கு வைத்திருந்தார். அந்தப் பத்து வெள்ளி ரசீது எங்கள் சாமி அலமாரியில் அம்மன் படத்துக்கு வலது பக்கம் இருக்கிறது. மாமனார் அதற்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டுவார்.

அடுத்த தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. கட்டாயம் சித்தியோடு வாருங்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம், அங்கிருந்து ரயிலில் ஈப்போ. நம்மவர்களுக்கு இப்போது 30 நாளைக்கு விசாவே வேண்டாம். ஈப்போ புந்தோங்கின் கச்சான் பூத்தே, கடலை நொறுக்குத்தீனி, ஒரு பை வாங்கி வைக்கிறேன், உங்கள் பல்லுக்குத் தாங்குவதாகப் பார்த்து. சித்திக்குத் தெரியாமல் வெற்றிலை கொண்டு வந்து சுங்கத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இங்கேயே நன்றாகக் கிடைக்கிறது.

நீங்கள் ஊராட்சியில் இருந்தவர் என்று தெரிந்தால் முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போடுவார்கள். போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கு வழக்கு பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். தணிக்கைக்கு மூன்று வருஷமாக ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் எப்படிச் செய்வது என்று சட்டம் பேசிப் பயனில்லை. முப்பது நாள் தாராளம் என்று மாமனார் இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்