ஒம்பதா, நாப்பத்தஞ்சா?

என்ன பேராண்டி, டல்லாஸ் பக்கம் வீடு வாங்கியாச்சு. தண்டியா ஒரு பிக்-அப் வண்டியும் வாங்கியாச்சு. இப்ப சட்டைக்கு அடியில இடுப்புல சொருக ஒரு கைத்துப்பாக்கி வேணும், அப்படித்தான? வாங்கு. ஊருச் சட்டமே சரிங்கும்போது நான் யாரு தடுக்க? ஆனா மாசக்கணக்கா நீ கெடந்து தவிக்கது என்னத்துக்கு? 9 எம்.எம்.மா, 40-ஆ, 45-ஆன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்து வீடியோ பாக்க. உங்கப்பன் உங்கம்மையப் பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இம்புட்டு ரோசிக்கல லே.

கெழவனுக்கு என்னத்தத் தெரியும்னு சிரிக்காத. பட்டாளத்துல கெடந்தவன் நான். இஷாப்பூர் ஃபேக்டரியில செஞ்ச 9 எம்.எம். பிஸ்டல் கையில இருந்த காலம் உண்டு. ஒனக்கு இந்த கேலிபர் ஒத்துவருமாப்பான்னு எந்த அதிகாரியும் எங்கிட்ட அபிப்பிராயம் கேக்கல. குடுத்தாக. பழகினோம். சோலி முடிஞ்சுது.

மொதல்ல இந்த நம்பர் எல்லாம் என்னன்னு தெரியுமா ஒனக்கு? 9 எம்.எம்.னா குண்டோட குறுக்களவு 9 மில்லிமீட்டர். 45-ன்னா ஒரு அங்குலத்த 100 பங்காக்கி அதுல 45 பங்கு. பதினொண்ணரை மில்லிமீட்டருக்குக் கிட்ட வரும். ரெண்டுக்கும் வித்தியாசம் எம்புட்டு? ரெண்டரை மில்லிமீட்டர். ஒரு நெல்லோட தடிமன். இந்த ஒரு நெல்லுக்காக 100 வருசத்துக்கு மேல அமெரிக்காக்காரன் ஒருத்தன ஒருத்தன் ஏசிக்கிட்டுத் திரியுதான். குண்டோட எடையில வித்தியாசம் உண்டு, அத ஒத்துக்கிடுதேன். 45 குண்டு 9-ஐப் போல ரெண்டு மடங்கு கனம். ஆனா மெதுவாப் போகும்.

இன்னொண்ணு கேளு. .38 ஸ்பெஷல்ங்கானே, அந்தக் குண்ட அளந்து பாரு, 357-தான் வரும். .380-ங்கான், அதுக்கும் 9 எம்.எம்.முக்கும் குண்டு ஒரே அகலம். தோட்டாவோட கூடுதான் ரெண்டு மில்லிமீட்டர் குட்டை. பேருல என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாத்தா வெல கேக்க?

இந்த கேலிபர் சண்ட எங்க ஆரம்பிச்சுதுன்னு சொல்லுதேன். பிலிப்பைன்ஸ்ல மோரோக்காரங்களோட அமெரிக்கப் பட்டாளம் சண்ட போட்டுச்சு. கையில இருந்தது .38 லாங் கோல்ட் ரிவால்வர். சுட்டாலும் ஆளு நிக்க மாட்டேங்கான்னு புகார். சரின்னு 1904-ல தாம்சன், லகார்டுன்னு ரெண்டு அதிகாரிகள அனுப்பினாக. எங்க? சிக்காகோ மாட்டுத் தொட்டிக்கு. அங்க மாட்டச் சுட்டுப் பாத்தாக. அது போக, செத்த மனுசன் ஒடம்பையும் சுட்டுப் பாத்தாக. பாத்துட்டு, பெருசு வேணும், 45-க்குக் கொறையக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டாக. மாடு என்ன நினைச்சுதுன்னு ஒருத்தனும் எழுதல. 1911-ல பிரவுனிங் செஞ்ச 45 பிஸ்டல் பட்டாளத்துக்கு வந்துச்சு. அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம், இன்னும் தெளியல. லூகர்னு ஒரு ஆளு 9 எம்.எம். தோட்டாவ அதுக்கு முன்னயே கொண்டாந்துட்டான். அதையேதான் உலகத்துல பாதிப் பட்டாளம் இன்னைக்கும் வச்சிருக்கு. அமெரிக்கப் பட்டாளமே 1985-ல 9-க்கு வந்துட்டு.

அடுத்த வருசமே வந்துது பாரு வினை. 1986 ஏப்ரல் 11, மயாமி. பேங்குக் கொள்ளைக்காரனுக ரெண்டு பேரு, பிளாட்டு, மேட்டிக்ஸ்னு. எஃப்.பி.ஐ. ஆளுக எட்டுப் பேரு கார வச்சு மறிச்சாக. நடுரோட்டுல சண்ட. ஒரு 9 எம்.எம். குண்டு பிளாட்டோட கையத் தொளச்சு, நெஞ்சுக்குள்ள போயி, இருதயத்துக்குக் கிட்டப் போயி நின்னு போச்சு. அந்தக் காயத்தோடயே அவன் சண்ட போட்டான். அவன் கையில இருந்தது ரைபிள். ஏஜெண்டுக ரெண்டு பேரு செத்தாக, அஞ்சு பேருக்குக் காயம்.

குத்தம் யாரு தலையில விழுந்துச்சு? அந்த ஒத்தக் குண்டு தலையில. ரைபிள் வச்சிருக்கவன கைத்துப்பாக்கியோட போயி மறிச்சமே, இது சரியான்னு கேட்டவன விட, 9 எம்.எம். விளங்காதுன்னு ஏசினவன்தான் அதிகம். ஆடமாட்டாதவளுக்குக் கூடம் கோணல்ங்க கதைதான். இதுல வேடிக்க என்னன்னா, அந்தச் சண்டைய முடிச்சு வச்சது எட்மண்டோ மிரெலெஸ்னு ஒரு ஏஜெண்ட். ஒரு கை சிதைஞ்சு தொங்குது. மத்தக் கையால ரிவால்வரத் தூக்கிக்கிட்டு நடந்து போயி முடிச்சாரு. அதுக்குள்ள இருந்தது .38 ஸ்பெஷல். எங்க தாத்தா காலத்துச் சரக்கு. அந்த .38-க்கு மால போட்டவன் எவனாவது உண்டா?

பெறகு எஃப்.பி.ஐ. என்ன செஞ்சுது? 10 எம்.எம்.மக் கொண்டாந்துச்சு. அது ஒதச்ச ஒதையில பல பேருக்குக் குறி வரல. துப்பாக்கியும் தண்டி, சின்னக் கைக்காரங்களுக்குப் பிடியே எட்டல. சரின்னு தோட்டாவுல வெடிமருந்தக் கொறச்சாக. மருந்து கொறஞ்ச பெறகு நீளக் கூடு என்னத்துக்குன்னு கூட்டையும் கொறச்சாக. அதுக்கு .40-ன்னு பேரு வச்சு 1990-ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் சந்தையில விட்டாக. ஊரு ஊரா போலீசு அதுக்கு மாறுச்சு. மாறாதவன நாட்டுப்புறத்தான்னு பாத்தாக. 2014-ல எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவே எழுதிட்டு: இப்ப வார குண்டு நல்லா வேல செய்யி, 9-க்கும் 40-க்கும் 45-க்கும் காயத்துல சொல்லும்படி வித்தியாசம் இல்ல, 9-ல ஒத கம்மி, தோட்டா கூட பிடிக்கும், ஆளுக வேகமா, ஒழுங்காச் சுடுதாகன்னு. பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வந்துட்டாக. அம்புட்டுப் படிச்சவுகளுக்கே அம்புட்டு வருசம் ஆயிருக்கு. நீ ராத்திரி வீடியோவுல கண்டுபிடிச்சிருவியா?

எஃப்.பி.ஐ. அளவுகோலும் லேசானதுதான். ஜெலட்டின் கட்டியில சுட்டா குண்டு 12 அங்குலத்துக்குக் கொறையாமப் போகணும், 18-ஐத் தாண்டக் கூடாது. நுனியில குழி வச்ச நல்ல 9 எம்.எம். ஹாலோ பாயிண்ட் குண்டு இதுல தேறிருது. சோலி முடிஞ்சுது.

2014-ல எஃப்.பி.ஐ. எழுதின அதே காகிதத்துல இன்னொண்ணும் இருக்கு, அத எவனும் சத்தமாச் சொல்ல மாட்டான். நெசச் சண்டையில போலீசு சுடுத 10 குண்டுல ரெண்டோ மூணோதான் ஆளு மேல படுதாம். சம்பளம் வாங்கிப் பழகினவன் கதை இது. நீ வருசத்துக்கு ஒரு தீபாவளி துப்பாக்கி வெடிச்ச ஆளு. படாத குண்டுக்கு 9 என்ன, 45 என்ன? அது போயி பக்கத்து வீட்டுச் செவத்துல நிக்கும். செவத்துக்கு அந்தப் பக்கம் யாரு தொட்டில் ஆட்டிக்கிட்டு இருக்கான்னு ஒனக்குத் தெரியுமா?

ஒங்கூட்டாளி ஒருத்தன் இருக்கானே, பார்பிக்யூவுக்கு வரும்போதெல்லாம் பை வச்ச பேண்ட்டுப் போட்டுக்கிட்டு. 45 வச்சிருக்கானாம். அந்த 1911 மாடல் பிஸ்டல் தோட்டா இல்லாமலே ஒரு கிலோவுக்கு மேல கனம். தோட்டாவும் போட்டா இடுப்பு இறங்கும், பேண்ட்டும் இறங்கும். நிமிசத்துக்கு ஒருக்க சட்டைய இழுத்து விடுதான். மறைச்சு வைக்கதுன்னு பேரு, தெருவுல போற நாய்க்குக்கூடத் தெரியும். கொஞ்ச நாள் போச்சுன்னா அது இடுப்புல இருக்காது, காருக்குள்ள இருக்கும். காரு களவு போனா அதுவும் சேந்து போகும். இந்தாளுதான் ஒனக்கு வாத்தியாரு.

அதுக்காகத் தம்மாத்துண்டு ஒண்ணத் தேடி ஓடாத. ரூகர் எல்.சி.பி.ன்னு .380-ல ஒண்ணு, கால் கிலோவும் சொச்சமும்தான். பையில போட்டா மறந்தே போகும். ஆனா சின்னத் துப்பாக்கி கையக் கடிக்கும், ரெண்டு தரம் சுட்டா மூணாவது தரம் ஆச வராது. லேசான ரிவால்வர்ல .357 மேக்னம் போட்டுச் சுட்டுப் பாரு, உள்ளங்கை சொல்லும் சேதி. .22-ல ஒதையே இல்ல, வயசானவுகளுக்குச் சௌகரியம். ஆனா அந்த ரகத் தோட்டா சமயத்துல வெடிக்காமக் கெடக்கும். 2018-லேர்ந்து சிக் பி365-ன்னு ஒண்ணு வருது. கைக்கடக்கம், அர கிலோ, அதுக்குள்ள 9 எம்.எம். தோட்டா 10 பிடிக்கும். அது வந்த பெறகு, சின்னதா இருக்கணும்னா அஞ்சாறு தோட்டாவோட நின்னுரணும்ங்க பேச்சு அடிபட்டுப் போச்சு. எங்கிட்டக் கேட்டா 9 எம்.எம். போதும். விரலு நோவு இருந்து ஸ்லைடு இழுக்க முடியாதவுகளுக்கு மட்டும் வேற யோசன சொல்லுவேன்.

மிச்சத் துட்டுக்கு என்ன வாங்க? தோட்டா வாங்கு. 45 தோட்டா 9-ஐ விட வெல கூட, அதுலயும் மிச்சம்தான். ரேஞ்சுக்குப் போயிச் சுட்டுப் பழகு. ட்ரிக்கர மூடின நல்ல ஹோல்ஸ்டர் ஒண்ணு. பெறகு ஒரு இரும்புப் பெட்டி. இதுலதான் நான் வெளையாட்டுப் பேச்சு பேச மாட்டேன். 2021-ல இந்த நாட்டுல துப்பாக்கியால செத்தவுக 48,830 பேரு. அதுல 26,328 பேரு தானே சுட்டுக்கிட்டவுக. பாதிக்கு மேல லே. கள்ளன் எப்ப வருவானோ தெரியாது. வீட்டுல மனசு ஒடஞ்சு ஒக்காந்திருக்கவன் இன்னைக்கே இருக்கலாம், தவழ்ந்து வார பிள்ள இன்னைக்கே இருக்கு. பிள்ள கைக்கு எட்டுற மாதிரிப் போட்டு வச்சா டெக்சாஸ் சட்டத்துலயே குத்தம். பெட்டிக்குப் பூட்டு இருக்கா, சாவி எங்கன்னு கேளு. கேலிபர் பேசுத ஒரு பயலும் இதப் பேச மாட்டான்.

லைசென்ஸ் வேணுமான்னு கேக்கியா? 2021 செப்டம்பர் 1-லேர்ந்து டெக்சாஸ்ல 21 வயசு ஆன ஆளு, வேற தடை இல்லேன்னா, லைசென்ஸ் இல்லாமலே இடுப்புல வச்சுக்கிடலாம். எல்லா எடத்துலயும் இல்ல. வாசல்ல செகப்பா 51-ன்னு போட்ட போர்டு இருந்தா அது குடிக்கடை, உள்ள கொண்டு போகாத.

"வேற தடை இல்லேன்னா"ன்னு சொன்னேன்ல, இப்பந்தான் நெனப்பு வருது. ஒன் விசா என்னதுலே? எச்-1பி-யா?

அடப்பாவி, அத மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கு வாய் வலி மிச்சம். மத்திய அரசுச் சட்டப்படி அந்த விசாக்காரன் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வச்சிருக்கவும் கூடாது. சட்டப்பையில ஒத்தத் தோட்டா கெடந்தாலும் குத்தம்தான். வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு இருக்கு, அத ஒரு வக்கீல்கிட்டக் கேக்காமத் தொடாத. பிள்ளையப் பாக்க வந்த விசாவுல இருக்க எனக்கும் ஒனக்கும் ஒரே கணக்கு. வாசக்கதவுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாளும், ராத்திரி வெளக்கும் போடு. பச்சை அட்டைக்கு நம்ம நாட்டுக்காரன் வரிச எம்புட்டு நீளம்னு ஒனக்கே தெரியும். அது வார வரைக்கும் ஒம்பதா, நாப்பத்தஞ்சான்னு நிதானமா யோசி.