வேலை வராத கணினி

கேள்வி: செர்ன் ஆய்வுக்கென்று என் கணினியின் ஓய்வு நேரத்தை ஒப்படைத்தேன். வாரக்கணக்கில் ஒரு பணியும் வரவில்லை. காத்திருப்பது வீண்தானா?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: வீணே இல்லை. துகள் இயற்பியல் ஆய்வு நிலையமாகிய செர்னின் பொன்விழா ஆண்டாகிய 2004-இல் தொடங்கிய, நீங்கள் சேர்ந்திருக்கும் திட்டத்தில், துகள்முடுக்கியின் மாபெரும் வளையத்தினுள் புரோட்டான்கள் 10 லட்சம் சுற்றுகள் வரை தடம்புரளாமல் ஓடுமா என்று கணித்துப் பார்க்கும் பணியே முதலில் தன்னார்வலர்களுக்குப் பகிரப்பட்டது. பௌதிக அறிஞர்கள் ஒரு தொகுதியை அனுப்பி, திரும்பிவந்த விடைகளை ஆராய்ந்து, அடுத்த வினாவை வகுத்த பிறகே மறுதொகுதி பிறக்குமாதலால், இடையே வறட்சி நேர்வது சகஜம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடையாகிய உங்கள் பக்கம் தண்ணீர் வந்துசேரச் சில நாள் ஆகிறது. அதற்குள் வாய்க்காலைத் தூர்வாரி வைப்பவரே விவேகி.

ஆகவே, உங்கள் கணினிக்குப் பணிகளைப் பெற்றுத்தரும் பாயிங்க் செயலியில் ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ திட்டத்தையும் சேர்த்து, அதன் வளப்பங்கைப் பூஜ்யமாக வையுங்கள். முதல் திட்டம் கைவிரிக்கும்போது மட்டும் அதனிடம் பணி கேட்கப்படும். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சாதாரண மக்களின் கணினிகள் 2010-இல் பல்சார் எனும் துடிப்பு விண்மீன் ஒன்றைப் புதிதாகக் கண்டறிந்தது அத்திட்டத்தில்தான். ‘புதுப்பி’ பொத்தானை ஓயாமல் அழுத்துவதில் பிரயோஜனமில்லை. பணி கிடைக்காதபோது இடைவெளியை நீட்டி நீட்டிச் செயலியே கேட்டுக்கொள்ளும்.

நம் கணினிக்கு வேலை கொடுப்பது விஞ்ஞானத்தின் கடமையன்று; அது அழைக்கும்போது ஆயத்தமாக இருப்பதே நம் கடமை. எங்குமே பணி இல்லாத நாளில் கணினியை அணைத்துவையுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதும் தர்மமே.