இழுவை: ஏபா டிராக்டர் குறித்து ஓர் ஆராய்ச்சி

டிராக்டர் என்பது எது என்ற கேள்விக்கு அறிஞர்கள் பெரிய பின்சக்கரத்தையும் அதில் ஒட்டிய சேற்றையும் சுட்டிக்காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இது யானையைத் தும்பிக்கை என்று சொல்லி முடிப்பதற்கு ஒப்பாகும். அந்தச் சொல்லுக்கு லத்தீனில் ‘இழுப்பது’ என்று பொருள். ஆனால் லத்தீனுக்குப் பாதி உண்மைதான் தெரிந்திருக்கிறது; மீதி தமிழில் இருக்கிறது. மாடு வண்டியை இழுக்கும், வழக்கும் வருஷக்கணக்கில் இழுக்கும். வினை ஒன்றே. பாரம் நகர்வதும் காலம் நகராதிருப்பதும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதை நம் மொழி என்றோ கண்டுகொண்டது. ஆகவே டிராக்டர் என்பது ஒரு பொருளன்று, ஒரு தாமதம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சான்று சுவீடனில் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே டிராக்டர் அரிது, விலையும் எட்டாது. ஆனால் பழைய கார்கள் களஞ்சியங்களில் தூங்கிக்கொண்டிருந்தன. உழவர்கள் காரின் பின்பாதியை அறுத்து எறிந்தார்கள். அங்கே ஒரு சரக்குத் தட்டு வைத்தார்கள். பழைய லாரியின் பின்னச்சு கிடைத்தால் அதையும் மாட்டினார்கள். 1940-இல் அரசே இதற்கு விதி வகுத்தது. மலிவு விலைக்குப் பேர்போன ‘ஏபா’ என்ற கடைத்தொடரின் பெயரை ஊர் இதற்குச் சூட்டியது; அதில் பாராட்டைவிட நையாண்டியே அதிகம். நமக்கு முக்கியமானது கியர்பெட்டி. இருக்கும் கியர்பெட்டிக்குப் பின்னால் இன்னொன்றைத் தொடராகப் பூட்டுவார்கள். முதலாவது சுழற்சியை மூன்றில் ஒன்றாக்கி, இரண்டாவதும் அப்படியே செய்தால், மும்மூன்று ஒன்பது: வேகம் ஒன்பதில் ஒரு பங்கு, உராய்வில் போவது போக முறுக்குவிசை ஏறக்குறைய ஒன்பது மடங்கு. எஞ்சினின் சக்தி ஒரு குதிரைகூடக் கூடவில்லை. வேகத்தைக் கழித்தார்கள், இழுவை வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலும் ஃபோர்டின் மாடல்-டி காரை டிராக்டராக்கும் உதிரித் தொகுப்புகள் விற்றன. ஹென்றி ஃபோர்டே 1907-இல் தம் கார்களின் உறுப்புகளைக் கொண்டு ஒரு சோதனை டிராக்டர் செய்து பார்த்தவர்தான். ஆனால் அவர்கள் இதைச் சிக்கனம் என்று எண்ணினார்கள். தத்துவம் என்று கண்டது சுவீடன் சட்டம்.

கண்டது என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஏபாவுக்குப் பதிலாக 1975-இல் வந்த ‘ஏ-டிராக்டர்’ விதி, வண்டி மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடாதபடி அமைந்திருக்க வேண்டும் என்றது. கார் ஓட்டப் பதினெட்டு வயது வேண்டும். இதற்கு, மொபெட் உரிமம் வைத்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை போதும். இங்கே மறுப்பாளர் கைதூக்குவார்: வால்வோ 240-ஐ அறுத்து, உரக்கப் பாட்டு வைத்துக்கொண்டு, கிராமத்துப் பெட்ரோல் பங்கைச் சுற்றும் பதின்வயதினர் எந்த நிலத்தை உழுகிறார்கள்? நியாயமான கேள்விதான், ஆனால் கலப்பையை டிராக்டரின் இலக்கணமாக்குகிறது. கலப்பையை மாடும் இழுக்கும். குறுகிய நாட்டுச் சாலையில் ஓர் ஏ-டிராக்டருக்குப் பின்னால் வேலைக்குக் கிளம்பிய கார்கள் வரிசைகட்டி ஊர்வதைப் பாருங்கள். சங்கிலி இல்லை, கொக்கி இல்லை. அத்தனை கார்களையும் அது இழுத்துக்கொண்டு போகிறது, இரு பொருளிலும். நான்கு கொழு பூட்டிய எந்த உழவு டிராக்டரும் இவ்வளவு எடையை இழுத்ததில்லை.

இன்னொரு மறுப்பு சற்றுக் கூர்மையானது. பிள்ளைகள் வேகத்தைக் கட்டும் பூட்டை அவிழ்த்துவிட்டு வேகமாகப் பறக்கிறார்களே, அப்போது அது என்ன? கார். இதில் குழப்பமே இல்லை. காவலர்கள் இதைக் குற்றம் என்கிறார்கள். ஆராய்ச்சியாளன் இனமாற்றம் என்பான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா பார்க்கும் தொலைவு வந்ததும் வேகம் குறைகிறது, மெதுவாகச் செல்லும் வண்டி என்று அறிவிக்கும் பின்பக்கத்து முக்கோணப் பலகை மீண்டும் மெய்யாகிறது, கார் மறுபடி டிராக்டராகிறது. பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கிறார்.