புல்லுக் கிராணி

எஸ்டேட்டிலிருந்து தாமானுக்குக் குடிவந்தவர்கள் நெகிரி செம்பிலானில் ஏராளம். குடிவந்த பிறகும் எஸ்டேட்டைக் கூடவே கொண்டுவந்தவர் ஒருவர் உண்டு. சிரம்பான் லோபாக் பக்கம் கார்னர் லாட் வீடு எங்கிருக்கிறதோ அங்கே இவரைத் தேடலாம். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை, காதில் பென்சில். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்திருப்பார். இல்லையென்றால் கிராணியின் மகனாக இருப்பார். அதுவும் இல்லையென்றால், தனக்கு வரவேண்டிய கிராணி வேலையை யாரோ தட்டிப் பறித்துவிட்டதாக நம்புகிறவராக இருப்பார். நான் சொல்லும் ஆள் அசல் கிராணிதான். அக்கம்பக்கத்தில் வைத்திருக்கும் பெயர் புல்லுக் கிராணி.

விடிந்ததும் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. ஆள் யாரும் இல்லை, புல்லுக்குத்தான் பெரட்டு. வீட்டு முன்னால் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு துண்டு நிலம். அதை நான்கு தீம்பாராகப் பிரித்து, கையில் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாகப் பார்வையிடுவார். ‘வடக்கு மூலை மஞ்சள். கேட் ஓரம் வளர்ச்சி திருப்தியில்லை. சாக்கடைப் பக்கம் லாலாங் இரண்டு, உடனே நடவடிக்கை.’ சம்பளமில்லாத வேலைக்கு இவ்வளவு கணக்கு எழுதுகிறவரை வருமானவரி இலாகாவில்கூடப் பார்க்க முடியாது.

இந்தப் பித்துக்கு மூலம் துரை பங்களா. மேட்டில் பங்களா, அதைச் சுற்றிப் பச்சைப் புல்தரை. அதை வெட்ட ஓர் ஆள், கூட்ட ஓர் ஆள், குழந்தைகள் மிதித்தால் விரட்ட ஓர் ஆள். மேட்டைப் பார்த்தே வளர்ந்த பையன், என்றாவது தனக்கும் ஒரு புல்தரை வேண்டும் என்று மனத்தில் போட்டுவைத்தான். ஓய்வுபெற்ற பணம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கவ் கிராஸ் வாங்கிப் பதித்தார். துரைக்கு இருந்த மூன்று ஆளும் இவருக்கு இல்லை என்பது பதித்த பிறகுதான் தெரிந்தது.

கவ் கிராஸ் கெட்ட புல் அல்ல. நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. அதுதான் தொல்லையே. மழைக்காலத்தில் சனிக்கிழமை வெட்டினால் அடுத்த சனிக்கிழமைக்குள் மறுபடி தலைதூக்கிவிடும். மிஷின், பெட்ரோல், உரமூட்டை, இடுப்புவலிக்குத் தைலம். சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் தன் முற்றம் முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டார். இப்போது அவர் முற்றத்தில் நடுப்பகலில் கால் வைக்க முடியாது. பெய்கிற மழையெல்லாம் மண்ணில் இறங்க வழியில்லாமல் நேராகச் சாக்கடைக்கு ஓடுகிறது.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் தீபாவளிக்கு வந்தபோது, “ஏம்பா இந்தப் புல்லோட மல்லுக்கட்டுறீங்க? பராமரிப்பே வேணாத செடியெல்லாம் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். புதிதாக மதம் மாறியவருக்குத்தான் வேகம் அதிகம். மறுநாளே கவ் கிராஸ், வெள்ளைக்காரன் விட்டுப்போன அடிமைச் சின்னம் ஆகிவிட்டது.

முதலில் ரோட்டோரம் மஞ்சள் பூப்பூத்துக் கிடந்த வெடேலியாவைப் பிடுங்கி வந்தார். இலவசமாயிற்றே! அது உலகின் மிக மோசமான 100 ஊடுருவிகள் என்று ஐ.யூ.சி.என். வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. லாலாங்கும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. திருடனை விரட்ட அவன் தம்பியைக் காவலுக்கு வைத்த கதை. சாக்கடையைத் தாண்டி வெடேலியா அடுத்த வீட்டு வாசற்படி ஏறிய அன்று, வீட்டுக்காரர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றது.

அடுத்தது முக்குனா. முழுப்பெயர் முக்குனா பிராக்டியாட்டா. வடகிழக்கு இந்தியாவின் காட்டுக்கொடி. கேரளத்து ரப்பர் தோட்டங்களில் பேரெடுத்து, 1991இல் கோல்டன் ஹோப் நிறுவனத்தின் வழியாக மலேசியாவுக்கு வந்தது. செம்பனைக் காட்டில் களையை அமுக்குவதற்கு இதற்கு நிகரில்லை. பழைய சிநேகிதர் ஒருவர் நாற்று கொடுத்தார். நல்ல மழையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டருக்கு மேல் ஓடுகிற கொடி, நூறு ஏக்கரில் ஓடினால் அழகு. லோபாக்கில் அது முதலில் வேலியைப் பிடித்தது, பிறகு மாமரத்தை, பிறகு ஓடாமல் நின்றிருந்த கான்சில் காரை. “காருக்கும் நிழல்தானே” என்று கிராணி சமாளித்தார்.

விஷயம் தெரிந்தவர் எதிர்வீட்டிலேயே இருந்தார். வெளிக்காட்டு வேலையில் முதுகு வளைந்த கிழவி. தோட்டத்தில் இருந்தவரை கிராணி அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். தாமானுக்கு வந்தபின் ‘அக்கா’. அவருக்கோ இன்னும் ‘கிராணியய்யா’தான்.

“கிராணியய்யா, மரத்தடியில நாங்க கொடி போட்டது மறந்துபோச்சா?” என்றார் ஒரு நாள்.

கேட்க வேண்டிய கேள்வி. ஆரம்பகாலத் துரைமார் ரப்பர் மரத்தடியில் ஒரு பூண்டும் இருக்கக்கூடாது என்று வெறும் மண்ணாகச் சுரண்ட வைத்தார்கள். சரிவில் பெய்த மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. பிறகுதான் புத்தி வந்து கலப்போகோனியம், சென்ட்ரோசீமா, பூராரியா என்று அவரை இனத்துக் கொடிகளைக் கலந்து போட்டார்கள். அவை காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் பிடித்து மண்ணுக்குக் கொடுத்தன, ஈரத்தைக் காத்தன, லாலாங்கை அமுக்கின. அந்த விதையைத் தூவியதும் கொடி மூடும்வரை களையெடுத்ததும் இந்தக் கிழவியைப் போன்ற பெண்கள். செக்ரோலில் அவர்கள் பேரை எழுதியவர், அவர்கள் செய்த வேலையைக் கவனிக்கவில்லை. களைக்கொல்லி தெளித்ததும் அதே பெண்கள்தான். அதில் ஒன்றான பராகுவாட் மருந்தை மலேசியா முழுதாகத் தடைசெய்தது 2020 ஜனவரியில்.

ஆனால் சின்ன முற்றத்துக்குத் தோட்டத்துக் கொடிகள் ஆகாது. அதே குடும்பத்தில் அடக்கமான பிள்ளை பின்டோ கடலை. 1954இல் பிரேசிலின் பாஹியாவில் பின்டோ என்பவர் சேகரித்ததால் அந்தப் பெயர். தரையோடு படரும், மரமேறாது, மஞ்சள் பூ பூக்கும், தழைச்சத்து உரம் கேட்காது. ஓரளவு நிழலும் தாங்கும். பந்து விளையாட மட்டும் ஆகாது. ஈரமான இடத்துக்குப் பொடுதலையும் சரிதான். நம் பாட்டிகள் பொடுகுக்கு அரைத்துத் தேய்த்த அதே செடியின் ஒரு வகையை ஜப்பானில் குராப்பியா என்று பெயரிட்டுப் புல்லுக்குப் பதிலாக விற்கிறார்கள். ஆனால் அதன் பூவுக்குத் தேனீ நிறைய வரும். வெறுங்காலோடு ஓடும் பேரப்பிள்ளைகளை உத்தேசித்துக் கிராணி பின்டோவுக்கு ஓட்டுப் போட்டார்.

கிழவி நட்ட விதம் பார்க்க வேண்டியது. பழைய புல்லை வேரோடு கொத்தி எடுத்தார். மண்ணைப் பொலபொலப்பாக்கினார். சாண் நீளத் தண்டுகளை, கணுக்களில் பாதி மண்ணுக்குள் போகும்படி படுக்கை வசத்தில் வைத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து. அடுத்த தண்டுக்கு ஒரு சாண் இடைவெளி. கிராணி டேப்போடு வந்தார். அளந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பராமரிப்பே வேண்டாத செடி என்று மகள் சொன்னது பாதிதான் உண்மை. கொடி ஒன்றோடொன்று கைகோத்து மண்ணை மறைக்கச் சில மாதம் ஆகும். அதுவரை குனிந்து கையால் களை பிடுங்கத்தான் வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். கிராணி பிடுங்கினார். ஐம்பது வருடமாக மற்றவர்கள் குனிந்ததைக் கணக்கெழுதியவர் முதல்முறையாகக் குனிந்தார். மூடிய பிறகு சாக்கடை ஓரத்தைக் கத்தரிப்பதும், எப்போதாவது மேலாக வெட்டிவிடுவதும்தான் வேலை. மிஷின் விற்றாயிற்று.

பெரட்டு மட்டும் நிற்கவில்லை. இரவில் பின்டோ இலைகளை மடித்துக்கொள்ளும். காலையில் அவை விரியும்போது, தன் குரல் கேட்டு எழுந்து நிற்பதாகக் கிராணி நினைத்துக்கொள்கிறார்.

உங்கள் முற்றத்திலும் போட எண்ணமிருந்தால் மழை பிடிக்கும் அக்டோபரிலோ ஏப்ரலிலோ நடுங்கள். நர்சரிக்குப் போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கிராணி கத்தரித்த தண்டைச் சாக்கில் கட்டி கேட் ஓரம் வைத்திருப்பார், இலவசம்தான். வாங்குகிறவர் செக்ரோலில் கையெழுத்துப் போட வேண்டும்.